உழைப்போர் குடியிருப்பில் பிறந்த வகுப்பறை: மரியா மாண்டிசோரியும் நம் குழந்தைகளின் கைகளும்

நம் நகரங்களின் வசதி படைத்த தெருக்களில் மாண்டிசோரி என்னும் பெயரைத் தாங்கிய பலகைகளைக் காண்கிறோம். வண்ணம் பூசிய சுவர்கள், குட்டி நாற்காலிகள், ஆங்கிலம் பேசும் ஆசிரியைகள், நடுத்தரக் குடும்பமே மலைக்கும் கட்டணம் ஆகியவற்றோடு அப்பெயர் நம் மனத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தத் தெருவை விடியற்காலையில் பெருக்கிச் செல்லும் தூய்மைப் பணியாளரின் குழந்தைக்கு அந்தப் பலகைக்குப் பின்னால் இடமில்லை. ஆனால் அந்தக் கல்விமுறை தொடக்கத்தில் யாருக்காக உருவாயிற்று என்று கேட்டால், பதில் அந்தக் குழந்தையின் பக்கமே நிற்கிறது. ரோமாபுரியின் ஒதுக்குப்புறத்தில், கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய நெரிசலான குடியிருப்பொன்றில், எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளரின் பிள்ளைகளிடையேதான் அது பிறந்தது. அவ்வரலாற்றை ஒடுக்கப்பட்டோர் நோக்கில் மீண்டும் சொல்ல வேண்டிய தேவை நமக்கு இருக்கிறது.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 அன்று இத்தாலியின் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசின் நிதித்துறை அலுவலர். தாய் நூல்களில் ஆர்வமுள்ளவர். குடும்பம் 1875-இல் ரோமுக்குக் குடிபெயர்ந்தது. பெண்கள் படித்தால் ஆசிரியை ஆகலாம், அதற்கு மேல் இல்லை என்பதே அக்காலத்து இத்தாலியின் எழுதாச் சட்டம். மரியாவோ ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து கணிதம் கற்றார். பின்னர் மருத்துவம் பயில விரும்பினார். தந்தை தடுத்தார், தாய் துணை நின்றார். மருத்துவக் கல்லூரியில் ஆண் மாணவரோடு சேர்ந்து பிணக்கூறாய்வு செய்வது பெண்ணுக்கு ஒழுங்கன்று எனப்பட்டதால், மற்றவர் வெளியேறிய பின் மாலை வேளைகளில் பிணங்களோடு தனித்திருந்து அவர் அப்பாடத்தைக் கற்க நேர்ந்தது. 1896-இல் மருத்துவராகத் தேறினார். அதே ஆண்டு பெர்லினில் கூடிய பெண்கள் மாநாட்டில், உழைக்கும் பெண்களுக்கு ஆணுக்கு நிகரான கூலி வேண்டுமென்று பேசினார்.

தனக்கு விதிக்கப்பட்ட இடத்தைத் தாண்டிப் படித்த பெண்ணாக அவர் இருந்தார். ஆயினும் அவர் தாண்டியது பால் வரம்பு ஒன்றையே. வர்க்கத்தால் அவர் மேலிருந்தே வந்தார். இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் வைத்தே அவருடைய வாழ்வை நாம் வாசிக்க வேண்டும்.

பட்டம் பெற்றபின் ரோம் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க மனநலக் காப்பகங்களுக்குச் செல்வது அவருடைய கடமைகளுள் ஒன்று. அங்கே அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகள், மனநோய் கொண்ட பெரியவர்களோடு சேர்த்து வெற்றறைகளில் அடைக்கப்பட்டிருந்தனர். தொடவோ எடுக்கவோ ஆராயவோ அவ்வறைகளில் ஒரு பொருளும் இல்லை. அக்குழந்தைகளின் குறை பெரும்பகுதி மருத்துவக் குறையன்று, கல்வி மறுக்கப்பட்டதன் விளைவு என்னும் முடிவுக்கு அவர் வந்தார். பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகென் ஆகியோரின் நூல்களைத் தேடிப் படித்தார். 1900-இல் ரோமில் தொடங்கிய சிறப்புப் பள்ளியின் இயக்குநர்களுள் ஒருவராக, புலன்களைப் பயிற்றும் பொருள்களைக் கொண்டு அக்குழந்தைகளுக்குக் கற்பித்தார். அவர்களுட் சிலர் மற்றக் குழந்தைகள் எழுதும் அரசுத் தேர்விலேயே தேறினர். ஊர் வியந்தது. மாண்டிசோரியோ வேறொன்றை எண்ணிக் கவலைப்பட்டார். கற்கவே இயலாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இந்த அளவுக்கு எட்டினார்கள் என்றால், மற்றக் குழந்தைகளைப் பொதுப்பள்ளி எவ்வளவு கீழே அழுத்தி வைத்திருக்கிறது என்பதே அக்கேள்வி.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் சாத்தாராவின் பள்ளியில் பீமராவ் என்னும் சிறுவன், தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்கின்மீது தனியே அமர்ந்திருந்தான். தாகம் எடுத்தால் குழாயைத் தானே திறக்க அவனுக்கு உரிமையில்லை. பள்ளியின் கடைநிலை ஊழியர் வந்து திறந்தால்தான் தண்ணீர். ரோமில் ஒரு மருத்துவர் குழந்தைகளின் கைகளுக்குப் பொருள்களைக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஒரு குழந்தையின் கையிலிருந்து குழாய்கூட விலக்கப்பட்டிருந்தது. தொடுதல் என்பது கல்வியின் முதல் வாயில் என்றால், தீண்டாமை என்பது அவ்வாயிலையே அடைக்கும் ஏற்பாடு. மாண்டிசோரியின் முறையை நாம் ஆராய்வதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இடையில் அவருடைய சொந்த வாழ்வில் ஒரு காயம் நேர்ந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் மொண்டெசானோவுடன் கொண்ட உறவில் 1898-இல் மரியோ என்னும் மகன் பிறந்தான். மணம் செய்துகொண்டால் பணியை விட வேண்டும், மணமின்றிக் குழந்தையை வளர்த்தால் சமூகம் விலக்கும் என்ற நிலையில், குழந்தை நாட்டுப்புறக் குடும்பமொன்றில் வளர்க்கப்பட்டான். உலகுக்கே குழந்தைகளைப் பற்றிக் கற்பித்தவர் தம் குழந்தையைப் பல ஆண்டுகள் மறைவில் சென்று காண வேண்டியதாயிற்று. ஆணாதிக்கச் சமூகம் பெண்ணிடம் வசூலிக்கும் விலை இது. வளர்ந்தபின் மரியோ தாயோடு வந்து சேர்ந்து இறுதிவரை உடன் உழைத்தார்.

சான் லொரென்சோவின் குழந்தைகள்

ரோமின் சான் லொரென்சோ பகுதி 1880-களின் கட்டுமானப் பெருக்கத்தில் எழுந்தது. பொருளாதாரச் சரிவில் வேலைகள் நின்றுபோக, அரைகுறைக் கட்டடங்களில் ஏழைகள் நிறைந்தனர். ஒரே அறையைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டன. பக்கத்திலேயே நகரின் பெரிய கல்லறைத் தோட்டம். ஊருக்கு வெளியே, சுடுகாட்டின் அருகே மனிதர்களைக் குடியிருத்தும் வழக்கம் நமக்குப் புதியதன்று. இங்கே அது பிறப்பினால் விதிக்கப்பட்டு மதத்தால் புனிதமாக்கப்பட்டது, அங்கே வறுமையால் நேர்ந்தது. இவ்வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது.

ஒரு கட்டட நிறுவனம் அக்குடியிருப்புகளை வாங்கிச் சீரமைத்தது. பெற்றோர் பகலெல்லாம் வேலைக்குச் செல்ல, பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் படிக்கட்டுகளில் திரிந்து புதிய சுவர்களில் கிறுக்கினர். சுவர்களைப் பழுதுபார்க்க ஆகும் செலவைவிடப் பிள்ளைகளை ஓரறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது மலிவு என்று நிறுவனம் கணக்கிட்டது. அப்பொறுப்பு மாண்டிசோரியிடம் வந்தது. 1907-ஆம் ஆண்டு சனவரி 6 அன்று மார்சி தெருவின் 58-ஆம் எண் கட்டடத்தில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. புகழ்பெற்ற ஒரு கல்விமுறையின் தொடக்கத்தில் சுவரைக் காக்கும் கணக்கு இருந்தது என்பதைக் கொண்டாட்டக் கட்டுரைகள் சொல்வதில்லை.

மூன்று முதல் ஆறு வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 50 குழந்தைகள் அங்கே வந்தனர். அழுதவர்களும், அஞ்சி ஒடுங்கியவர்களும், சத்து குறைந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். பயிற்சி பெற்ற ஆசிரியை இல்லை. அக்குடியிருப்பைச் சேர்ந்த பெண்ணொருவரே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். சிறப்புப் பள்ளியில் பயன்பட்ட பொருள்களை மாண்டிசோரி அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். கவனித்ததே அவருடைய முறையாயிற்று.

அவ்வகுப்பறையில் நிகழ்ந்தவற்றுள் சில, நம் சூழலில் தனிப் பொருள் கொள்கின்றன.

முதலாவது மூக்குச் சிந்தும் பாடம். ஒருநாள் அவர் குழந்தைகளுக்குக் கைக்குட்டையை எடுத்து, ஓசையின்றி, பிறர் கண்ணில் படாமல் மூக்கைத் துடைப்பது எப்படி என்று பொறுமையாகச் செய்துகாட்டினார். விளையாட்டாகத் தொடங்கியதை எவரும் சிரிக்காமல் ஆழ்ந்து பார்த்தனர். முடிந்ததும் குழந்தைகள் உளமாரக் கைதட்டினர். அவர் திகைத்துப் பின் உணர்ந்தார். மூக்கொழுகுவதற்காக அவர்களை எல்லாரும் ஏசியிருக்கிறார்கள், எவரும் கற்றுத் தந்ததில்லை. அழுக்கு என்றும் நாற்றம் என்றும் சொல்லி வகுப்பின் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்ட நம் பிள்ளைகளின் அனுபவத்தோடு இதைச் சேர்த்துப் பார்ப்போம். தூய்மையை மாண்போடு கற்பிப்பது வேறு, தூய்மையின் பெயரால் இழிவுபடுத்துவது வேறு.

இரண்டாவது பூட்டாத அலமாரி. பொருள்களைப் பூட்டி வைத்து ஆசிரியை எடுத்துத் தருவதே வழக்கமாக இருந்தது. ஒருநாள் அலமாரி திறந்தே கிடக்க, குழந்தைகள் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்து வேலையில் ஆழ்ந்திருந்தனர். ஏழைப் பிள்ளைகள் திருடுவார்கள் என்று ஐயுறும் உலகில் மாண்டிசோரி அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையாகப் புரிந்துகொண்டார். அன்றுமுதல் தாழ்வான திறந்த அடுக்குகளே குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கப்பட்டன.

மூன்றாவது மௌன விளையாட்டு. நான்கு மாதக் கைக்குழந்தையொன்றை வகுப்புக்குள் எடுத்துவந்து, இதைப்போல அசைவின்றி அமைதியாக இருக்க முடியுமா என்று கேட்டார். அறை அடங்கியது. கடிகார ஒலியும் வெளியிலிருந்து வரும் ஓசைகளும் துலக்கமாகக் கேட்டன. பின்னாளில், அந்த அமைதியின் முடிவில் ஆசிரியை மறைவில் நின்று ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் மெல்லிய குரலில் அழைப்பார். அழைக்கப்பட்ட குழந்தை ஓசையின்றி எழுந்து செல்லும். சாதிப் பெயராலும் பட்டப் பெயராலும் வகுப்பில் அழைக்கப்பட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரு பெரியவர் தன் சொந்தப் பெயரை அன்போடு அழைப்பதைக் காத்திருந்து கேட்பது எத்தகைய பாடம் என்று விளக்க வேண்டியதில்லை.

நான்காவது எழுத்து. இவ்வளவு சிறிய குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க வேண்டுமென்ற எண்ணம் மாண்டிசோரிக்குத் தொடக்கத்தில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களே வந்து வற்புறுத்தினர். கல்வியின் அருமையை அது மறுக்கப்பட்டவர்களைப்போல் அறிந்தவர் எவருமில்லை. சிறப்புப் பள்ளியில் அவரிடம் மரத்தாலான அழகிய எழுத்துகள் இருந்தன. இங்கே அதற்குப் பணமில்லை. எனவே உப்புத்தாளில் எழுத்து வடிவங்களை வெட்டி வழவழப்பான அட்டைகளில் ஒட்டினார். குழந்தை இரு விரல்களால் அச்சொரசொரப்பின்மீது எழுதும் திசையிலேயே தடவியபடி அதன் ஒலியைச் சொல்லும். கண், காது, கை மூன்றும் ஒரே எழுத்தை ஒருங்கே அறியும். தாளில் வெட்டிய எழுத்துகளை அடுக்கிச் சொற்களை ஆக்கும். அந்த ஆண்டு முடிவதற்குள், எழுதுகோலைப் பிடித்து எழுதப் பழக்கப்படாத குழந்தைகள் சுண்ணக்கட்டியால் தரையிலும் கதவிலும் சொற்களை எழுதத் தொடங்கினர். வறுமையால் நேர்ந்த மாற்றுப்பொருளே இன்று உலகெங்கும் அம்முறையின் அடையாளமாகிவிட்டது.

இதற்கு நம் நாட்டில் ஓர் இணை உண்டு. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். விரலால் எழுத்தை அறியும் அறிவு நம்மிடமும் இருந்தது. ஆனால் அந்தத் திண்ணையில் ஏற நம் முன்னோருக்கு இடமில்லை. முறை சிறந்ததாக இருந்தும் அதை யாருக்குத் திறந்துவிட்டார்கள் என்பதே கல்வி வரலாற்றின் அடிப்படைக் கேள்வி.

துடைப்பத்தின் அரசியல்

மாண்டிசோரி வகுப்பறையில் புலன்பயிற்சிக்கு முன்பே வருவது அன்றாட வாழ்வின் வேலைகள். குடுவையிலிருந்து குவளைக்குச் சிந்தாமல் நீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, மேசையைத் துடைப்பது, தரையைப் பெருக்குவது, உணவு பரிமாறுவது ஆகியவை அங்கே பாடங்கள். குழந்தையின் கைக்கேற்ற சிறு துடைப்பமும் சிறு குடுவையும் செய்து வைக்கப்பட்டன. நோக்கம் வீட்டுவேலை பழக்குவதன்று. கையின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தவும், தொடங்கிய வேலையை முடிக்கவும், பிறரைச் சாராமல் நிற்கவும் அவை பயிற்றின. அவற்றை எல்லாக் குழந்தைகளும் செய்தார்கள் என்பதுதான் முக்கியம்.

நம் பள்ளிகளிலும் துடைப்பம் உண்டு. அது யார் கையில் கொடுக்கப்படுகிறது? பட்டியல் சாதிக் குழந்தைகளைக் கொண்டு மட்டும் கழிப்பறையைக் கழுவச் செய்த செய்திகள் பல மாநிலங்களிலிருந்தும், தமிழ்நாட்டிலிருந்தும் திரும்பத் திரும்ப வருகின்றன. தலித் பெண் சமைத்தார் என்பதற்காகச் சத்துணவைப் பிள்ளைகள் உண்ணவிடாமல் தடுக்கும் பெற்றோர் இன்றும் இருக்கின்றனர். நீர்க்குடத்தைத் தொடக் கூடாதென்று அடிபட்ட குழந்தைகளின் கதை பழங்கதையாகிவிடவில்லை. இத்தகைய நாட்டில், எல்லாக் குழந்தைகளும் முறைவைத்து ஒரே குடத்திலிருந்து ஒருவருக்கொருவர் நீர் ஊற்றிக் கொடுப்பதும், எல்லாக் குழந்தைகளும் முறைவைத்துத் தம் வகுப்பறையைப் பெருக்குவதும் வெறும் கைப்பயிற்சிகள் அல்ல. வேலையைப் பிறப்போடு கட்டிவைத்த முடிச்சை ஆறு வயதிலேயே அவிழ்க்கும் செயல்கள் அவை. முறைவைப்பு ஒரு நாள் தவறினாலும் பழைய ஒழுங்கு திரும்பிவிடும். ஆகையால், அத்துடைப்பம் எப்போதும் ஒரே பிள்ளையின் கையில் நிற்கிறதா என்று பார்ப்பதே நம் செயற்பாட்டாளர்களின் முதல் ஆய்வாக இருக்க வேண்டும்.

புகழும் பிழைகளும்

1909-இல் தம் முறையை விளக்கும் நூலை மாண்டிசோரி வெளியிட்டார். சில ஆண்டுகளில் அது பல மொழிகளுக்குச் சென்றது. 1913-இல் அமெரிக்கா சென்றபோது அவருக்குப் பெரும் வரவேற்பு அளிக்கப்பட்டது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவரிட்ட மாண்டிசோரி வகுப்பறை நடந்தது. அறைக்கு வெளியே நின்று மக்கள் வேடிக்கை பார்த்தனர். தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த முறை செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் முறையாக மாறத் தொடங்கியது. கற்பித்தற் பொருள்களின் தயாரிப்பையும் ஆசிரியர் பயிற்சியையும் அவர் தம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருந்தார். முறையின் தூய்மையைக் காப்பதே நோக்கம் என்றார். விளைவாக, அதன் விலை கூடிற்று.

அவரைப் பிழையற்றவராக நாம் வணங்க வேண்டியதில்லை. 1910-இல் வெளியான அவருடைய மானிடவியல் நூல், தலையோட்டையும் உடலையும் அளந்து மனிதரை வகைப்படுத்தும் அக்காலப் போலி அறிவியலில் தோய்ந்தது. அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நம் முன்னோரின் தலையையும் மூக்கையும் அளந்து சாதிவாரியாகப் பட்டியலிட்டார். அவருடைய ஏழு தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. அளவுகோல் ஏந்திய கைகள் எங்கும் ஒரே வேலையைச் செய்தன. சான் லொரென்சோ இல்லத்தின் விதிகளும் அத்தகைய பார்வையிலிருந்து முற்றிலும் விடுபட்டவை அல்ல. குளிக்காமலும் அழுக்கு உடையோடும் வரும் குழந்தை நீக்கப்படும் என்று அவை கூறின. ஒரே அறையில் பல குடும்பங்கள் வாழும் இடத்தில் அவ்விதியின் சுமை தாய்மார்மீதே விழுந்தது.

1924 முதல் முசோலினியின் அரசு அவருடைய பள்ளிகளை ஆதரித்தது. அவரும் அவ்வாதரவை ஏற்றார். குழந்தையின் சுதந்திரத்தைப் பேசியவர் சர்வாதிகாரியின் கைகுலுக்கலை ஏற்றது அவருடைய வாழ்வின் பெரும் பிழை. சீருடையிட்டுக் கட்டளைக்கு அடிபணியும் தலைமுறையை வேண்டியவர்களுக்குத் தாமாகச் சிந்திக்கும் குழந்தைகள் பயன்படமாட்டார்கள் என்பது தெளிவானபோது, 1934-இல் அவ்வுறவு முறிந்தது. இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. நாசி செருமனியிலும் அவ்வாறே நேர்ந்தது. உள்நாட்டுப் போர் மூண்ட ஸ்பெயினிலிருந்து 1936-இல் வெளியேறி நெதர்லாந்தில் தங்கினார். நல்ல கல்விமுறை தானாகவே நல்ல அரசியலாகிவிடாது என்பதை இப்பகுதி நமக்குக் கற்பிக்கிறது. பள்ளியைக் காப்பாற்ற அதிகாரத்தோடு சமரசம் செய்துகொண்டால், இறுதியில் பள்ளியும் மிஞ்சுவதில்லை.

அடையாற்றின் ஓலைக் குடில்கள்

1939-ஆம் ஆண்டின் இறுதியில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, 69 வயது மாண்டிசோரி மரியோவுடன் சென்னை வந்தார். அடையாற்று வளாகத்தில் ஓலைக் குடில்கள் அமைக்கப்பட்டன. 300-க்கும் மேற்பட்டோர் முதல் பயிற்சியில் சேர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் ஆங்கில அரசுக்கு எதிரி நாட்டவராயினர். மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். மாண்டிசோரி வளாகத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டார். அவருடைய 70-ஆம் பிறந்தநாளன்று அரசப் பிரதிநிதி மரியோவை விடுவித்தார். அந்த ஆணையில் மரியோ அவருடைய மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தார். 40 ஆண்டுகளுக்கு மேல் பொதுவில் சொல்லப்படாத உண்மை சென்னையில் வெளிப்பட்டது.

போர்க்காலத்தில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கான அவருடைய கல்வித்திட்டம் அங்கேதான் உருப்பெற்றது. மலையின் செடிகளையும் பூச்சிகளையும் நீரோடைகளையும் குழந்தைகள் நேரில் ஆராய்ந்தனர். உலகின் தோற்றம், உயிர்களின் தோற்றம், மனிதரின் வருகை, எழுத்தின் கதை, எண்ணின் கதை ஆகியவற்றைப் பெரும் கதைகளாகச் சொல்லி, அங்கிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் செல்லும் வழி அது. மனிதகுலம் ஒன்று, ஒருவர் உழைப்பால் மற்றவர் வாழ்கிறார் என்பது அத்திட்டத்தின் நடுக்கருத்து. வருணம் முகத்திலும் தோளிலும் பிறந்ததாகக் கதை சொல்லும் நாட்டில், குழந்தைக்குச் சொல்லப்படும் முதல் தோற்றக்கதை எது என்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் அடையாற்றில் அக்குடில்களில் அமர்ந்து கற்றவர் யார்? ஆங்கில விரிவுரையைப் புரிந்துகொள்ளும் கல்வி 1939-இன் சென்னை மாகாணத்தில் எவரிடம் இருந்தது என்பதை நாம் அறிவோம். அவ்வளாகத்தை ஒட்டியே, பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்காக ஆல்காட் 1894-இல் தொடங்கிய இலவசப் பள்ளியும் இருந்தது. அதே வளாகத்தில்தான், கோயிலையும் அரங்கையும் சார்ந்து வாழ்ந்த பெண்களின் சதிர் ஆட்டம், பரதநாட்டியமாக மேற்சாதி இல்லங்களின் கலையாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்தது. மாண்டிசோரி முறைக்கும் இந்நாட்டில் அத்தகைய விதியே வாய்த்தது. சான் லொரென்சோவின் தொழிலாளர் பிள்ளைகளிடம் கற்றவை, இங்கே வசதி படைத்தோரின் பள்ளிகளில் குடியேறின. சாதியைத் தம் கல்வியியலின் நடுக்கேள்வியாக மாண்டிசோரி எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் இம்முறையின் இந்திய வரலாறு வேறாக இருந்திருக்கலாம்.

1946-இல் ஐரோப்பா சென்று 1947-இல் மீண்டும் இந்தியா வந்தார். 1949-இல் குழந்தையின் முதல் ஆறு ஆண்டுகளைப் பற்றிய அவருடைய நூல் அடையாற்றிலிருந்தே வெளியாயிற்று. 1952-ஆம் ஆண்டு மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்விக் கடற்கரை ஊரில் மறைந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நம் கைக்கு வர வேண்டியவை

இம்முறை பொதுப்பள்ளிக்கு ஒவ்வாது, மிகுந்த செலவுடையது என்று சொல்பவர்களுக்குத் தமிழ்நாடே ஒரு மறுமொழி தந்திருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ரிஷிவேலியின் அனுபவமும் மாண்டிசோரியின் கருத்துகளும் அதில் கலந்திருந்தன. அட்டைகளைக் குழந்தைகளே எடுத்து, தத்தம் வேகத்தில் ஏணிப்படியில் முன்னேறினர். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு குழந்தைக்கும் கரும்பலகையில் ஓர் இடம் கிடைத்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் அமர்ந்தார். கடைசி வரிசை என்ற ஒன்றே வகுப்பில் இல்லாமற்போனது. ஆசிரியர் பற்றாக்குறை, அட்டைகள் கிழிந்தால் மாற்றின்மை, ஏட்டுப் பதிவுகளின் சுமை ஆகியவை அம்முயற்சியைப் பின்னர்த் தளர்த்தின. ஆனால் அரசுப்பள்ளியில் இது இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

நம் குடியிருப்புகளில் அம்பேத்கர் பெயரால் நடக்கும் மாலை வகுப்புகளுக்கும் இரவுப் பாடசாலைகளுக்கும் இவ்வரலாறு நேரடியாகப் பயன்படும். அவற்றை நடத்துபவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களே. வீட்டுப்பாடத்தை முடிக்க வைப்பதோடு நின்றுவிடாமல், ஆறு ஏழு வயதுக் குழந்தைகளுக்கு நாம் செய்யத்தக்கவை பல. உப்புத்தாளையும் பழைய அட்டைப்பெட்டியையும் கொண்டு தமிழ் எழுத்துகளைச் செய்துகொள்ளலாம். எளிய வடிவமுடைய ட, ப, ம ஆகியவற்றில் தொடங்கினால் விரலுக்கு எளிது. மூன்று எழுத்துகளிலேயே படம், பட்டம், மட்டம், மடம் என்று சொற்கள் கிடைத்துவிடும். புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்தால் ஒன்று, பத்து, நூறு என்னும் இடமதிப்பைக் குழந்தை கையால் உணரும். குப்பி மூடிகளைப் பருமனுக்கேற்ப வரிசைப்படுத்துவது, கண்ணைக் கட்டிக்கொண்டு துணிவகைகளைத் தடவி அறிவது, தெருவில் உள்ள மரங்களின் இலைகளைச் சேர்த்து வடிவத்தால் பிரிப்பது ஆகியவற்றுக்குக் காசு வேண்டியதில்லை. ஒரு செயலை ஒருமுறை சொற்களைக் குறைத்துச் செய்துகாட்டிவிட்டு, பின்பு விலகி நின்று கவனிக்கும் பொறுமைதான் வேண்டும். பிழையைக் குழந்தை தானே கண்டு திருத்தும்படி பொருளை அமைத்துவிட்டால், அடியும் ஏச்சும் தேவைப்படா.

அக்குழந்தைகளின் பெற்றோர் கையாலேயே உழைப்பவர்கள். பறை கட்டும் கை, நெல் நடும் கை, செருப்புத் தைக்கும் கை, சாக்கடையில் இறக்கப்படும் கை ஆகியவை அறிவற்ற கைகள் என்று இச்சமூகம் கற்பித்து வைத்திருக்கிறது. கையின் வழியாகவே அறிவு வளர்கிறது என்று ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் மெய்ப்பித்தார். மாலை வகுப்பில் ஒரு தந்தையை அழைத்துப் பறைக்குத் தோல் இழுத்துக் கட்டுவதைக் குழந்தைகளுக்குக் காட்டச் செய்வோம். அளவு, வட்டம், ஒலி, வெப்பம் எல்லாம் அங்கே பாடமாகும். அதே வேளையில், அத்தொழில் அவர் பிள்ளைக்கு விதியாகாமல் பார்த்துக்கொள்ளும் போராட்டத்தையும் நாம் விடக் கூடாது.

பெயர்ப்பலகையை உரியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். மாநகராட்சிப் பள்ளியிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பூட்டாத அலமாரியும், கைக்கெட்டும் அடுக்கும், எல்லாருக்கும் பொதுவான தண்ணீர்க் குடமும் வேண்டுமென்று அரசிடம் கோருவது நம் உரிமை. சான் லொரென்சோவின் தாய்மார்கள் தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வேண்டுமென்று வந்து கேட்டதால்தான் அந்த எழுத்து அட்டைகள் பிறந்தன. நம் தாய்மார்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் எழுந்து நிற்பதே நாம் இப்போது செய்ய வேண்டிய வேலை.